மூன்றாவது மூட்டையில் நின்றவன்

ரிஷிவந்தியம் சுற்றுவட்டாரத்தில் பேஸ்பால் என்ற ஆட்டத்தை நேரில் உட்கார்ந்து பார்த்த முதல் ஆள் அநேகமாக நானாகத்தான் இருப்பேன். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. கல்லூரி விடுதியில் ஒருநாள் டிவியில் அந்த ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தபோது, இதை நான் எட்டு வயதிலேயே பார்த்திருக்கிறேன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அறையே சிரித்தது. அதன்பிறகு ஒரு வாரம் என்னைக் கண்டால் "இன்னாடா அமெரிக்கா, சாப்ட்டியா" என்றுதான் கேட்டார்கள். நான் விளக்கம் சொல்லவில்லை. சொன்னால் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கும்.

அப்பா மரம் வெட்டுகிறவர். செங்கல் சூளைக்கும் மரவாடிக்கும் வெட்டிக் கொடுப்பார். கல்வராயன் மலை அடிவாரத்திலிருந்துகூட அவரைத் தேடி வருவார்கள். மரம் எந்தப் பக்கம் சாயும் என்று முன்கூட்டியே சொல்லி, அங்கே ஒரு கல்லை வைத்துவிட்டு வெட்டத் தொடங்குவார், உச்சிக்கிளை அந்தக் கல்லின்மேல் வந்து விழும் என்று ஊரில் பேச்சு. கல்லை நான் பார்த்ததில்லை, பேச்சைத்தான் கேட்டிருக்கிறேன்.

மரத்தை விட்டால் அவருக்கு ஆட்டம். எங்கே சடுகுடு நடந்தாலும் போய்விடுவார். ஒருமுறை நைனார்பாளையம் வரைக்கும் சைக்கிளை மிதித்துப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வந்ததும் பார்க்காத எங்களுக்கு முழு ஆட்டத்தையும் சொல்வார். யார் ஏறினான், யார் காலைப் பிடித்தான், யாருக்குப் பல் போனது, ஒன்று விடமாட்டார். யார் ஜெயித்தது என்பதை மட்டும் சொல்லமாட்டார். கெஞ்சினாலும் அழுதாலும், "காலைல எழுந்து சொல்றேன், தூங்கு" என்பதுதான் பதில். காலையில் அதைக் கேட்பதற்காகவே நான் சீக்கிரம் எழுந்த நாட்கள் உண்டு.

அந்த வருஷம் ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்தது. எங்கள் பிள்ளைகளுக்குப் படிப்பு வேண்டும், வேலை வேண்டும் என்று கேட்பதற்கு ரோட்டில் மரத்தை வெட்டிப் போடுவது என்று முடிவாயிற்று. என்ன கேட்கிறோம் என்பது அப்பாவுக்கு முழுசாகத் தெரிந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. கையெழுத்துப் போடத் தெரியாதவர். மரம் வெட்ட வேண்டும் என்றார்கள், அது அவருக்குத் தெரியும். உளுந்தூர்பேட்டை ரோட்டில் இரண்டு பக்கமும் வெள்ளைக்காரன் காலத்துப் புளியமரங்கள். நான்கு மரங்களைச் சொன்ன இடத்தில் சாய்த்தார். ஐந்தாவதுக்குப் போனார். அதற்குப் பக்கத்து மரத்தை இளவட்டங்கள் ஆளுக்கு ஒரு பக்கம் கொத்தி வைத்திருந்தார்கள். நாலு பக்கமும் கொத்திய மரம் யார் பேச்சையும் கேட்காது. அப்பா கோடாலியை ஓங்கிக்கொண்டிருந்தபோது அது தானாகவே திரும்பி அவர்மேல் சாய்ந்தது.

கயிற்றுக் கட்டிலில் போட்டுத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். எங்கே ஓடுவது? எந்தப் பக்கம் போனாலும் ரோட்டில் மரம். ஒரு டிராக்டர் ஒரு மரம் வரைக்கும் வரும். கட்டிலை இறக்கி, மரத்தின்மேல் ஏறித் தாண்டி, அந்தப் பக்கம் இன்னொரு வண்டிக்குக் காத்திருக்க வேண்டும். அம்மாவின் அண்ணன், என் மாமா, கட்டிலின் தலைமாட்டைத் தூக்கிப் போனவர். ஒரு மரத்தைத் தாண்டும்போது அப்பா கண்ணைத் திறந்து, "இது நான் வெட்டனது. அந்தக் கிளை குத்தும், ஓரமா தூக்கு" என்றாராம். இதைச் சொல்லிச் சொல்லி மாமா பல வருஷம் சிரித்துக்கொண்டிருந்தார். சிரிப்பு என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

விழுப்புரம் போய்ச் சேரவே இரண்டு நாளாயிற்று. அங்கிருந்து மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரி. அங்கே எப்படி அடிபட்டது என்று எழுதிக்கொள்ள ஒரு போலீஸ்காரர் வந்தார். மறியல் என்று சொன்னால் கட்டிலோடு சேர்த்து விலங்கு மாட்டிவிடுவார்கள் என்று யாரோ மாமாவின் காதில் ஓதியிருக்கிறார்கள். "புளி உலுக்கும்போது மரத்துலேந்து வுழுந்துட்டாருங்க" என்று சொல்லிவிட்டார் மாமா. எங்கள் ஆட்கள் மட்டுமே சொல்லக்கூடிய பொய், எங்கள் ஆட்கள் மட்டுமே கண்டுபிடிக்கக்கூடிய பொய். புளி உலுக்குவது மாசி பங்குனியில். இதுவோ புரட்டாசி. புரட்டாசியில் மரத்தில் இருப்பது பச்சைப் பிஞ்சு. எழுதிக்கொண்டவருக்கு அது தெரியவில்லை, பொய் காகிதத்தில் ஏறிவிட்டது. எங்களிடமும் யார் கேட்டாலும் அப்படியே சொல்ல வேண்டும் என்று மாமா சத்தியம் வாங்கிக்கொண்டார்.

மெட்ராசில் கொத்து வேலை செய்த எங்கள் ஊர்க்காரர் ஒருவரை அப்பாவுக்குத் துணையாக விட்டுவிட்டு மாமா ஊருக்கு வந்தார். மாமாவுக்கு எங்கள் ஊர் ரைஸ் மில்லில் வேலை. ஊருக்கு வரும் போன் எல்லாம் மில்லுக்குத்தான் வரும். ஆயுதபூஜையன்று பொரி வாங்க நான் மில்லுக்குப் போயிருந்தேன். எல்லா மிஷினுக்கும் பட்டை போட்டு, சந்தனம் வைத்து, போனுக்குக்கூட ஒரு பொட்டு வைத்திருந்தார்கள். பூசணிக்காய் உடைக்கப் போகும் நேரத்தில் போன் அடித்தது. மாமா எடுத்தார். "சரி" என்றார். கொஞ்சம் கழித்து இன்னொரு "சரி". வைத்துவிட்டுத் தன் விரலில் ஒட்டியிருந்த சந்தனத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "வாடா மாப்ள, வூட்டுக்குப் போவலாம்" என்றார். என் வாய் நிறையப் பொரி இருந்தது.

வீட்டில் அம்மா தங்கச்சிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். போன் வந்தது என்றதும் நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னாண்ணா சொன்னாங்க?"

"அப்டியேதான் கீறாராம். நான் ஒரு எட்டு போயி பாத்துட்டு வரேன்."

"இவனையும் இட்டுக்கினு போ. போன வாட்டியே பையன கேட்டாருன்னு சொன்னியே."

"அவன் எதுக்குமா அவ்ளோ தொலவு?"

அம்மா பால் குடிக்கிற குழந்தையை மறுபக்கம் மாற்றினாள். மாமா என்னைப் பார்த்தார், பிறகு சுவரைப் பார்த்தார், அன்றைக்கு மூன்றாவது தடவையாக "சரி" என்றார். அம்மா துவைத்து மடித்து வைத்திருந்த வேட்டியையும் சட்டையையும் ஒரு துணிப்பையில் போட்டுக் கொடுத்தாள், அப்பாவை வீட்டுக்கு விட்டால் உடுத்திக்கொண்டு வருவதற்கு.

எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் வகுப்பில் மெட்ராஸ் பார்த்தவன் ஒரே ஒருவன். அவன் உயிர் காலேஜில் சிங்கம் பார்த்ததையும் செத்த காலேஜில் திமிங்கில எலும்பு பார்த்ததையும் சொல்லியே வகுப்புத் தலைவனாகிவிட்டவன். பஸ்சில் ஏறியதுமே நான் என்னென்ன பார்க்க வேண்டும் என்ற கணக்கை மாமாவிடம் ஒப்பித்தேன். "உயிர் காலேஜ் ஒரு நாளிக்கி கூட்டிக்கினு போறேன். செத்த காலேஜ் வாணாம்" என்றார். மாமா கை இறுக்கமான ஆள். திருவிழாவில் ஒரு ஐஸ் வாங்கித் தரவே ஏழு யோசனை யோசிப்பார். அன்றைக்கு நான் கேட்டது, கேட்காதது எல்லாம் வந்தது. முறுக்கு, வெள்ளரிப்பிஞ்சு, சிவப்புப் பிளாஸ்டிக் விசில். எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். எட்டு வயதில், கையில் முறுக்கு இருக்கும்போது சந்தேகம் வராது.

அன்று கொத்து வேலைக்காரர் தங்கியிருந்த கொட்டகையில் படுத்துக்கொண்டோம். அவர் என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். காலையில் ஆஸ்பத்திரி. அதற்கு எதிர்ப்புறம் ரோட்டைத் தாண்டி ஒரு காலேஜ் மைதானம். விஜயதசமி விடுமுறை. மைதானத்தில் வெள்ளைக் கால்சட்டை போட்ட பையன்கள் பந்தெறிந்து பழகிக்கொண்டிருந்தார்கள். மாமா ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்தார், மைதானத்தைப் பார்த்தார், என் கையைப் பிடித்து ரோட்டைத் தாண்டினார்.

"அப்பாவ டாக்டரு பாத்துக்கினு கீறாரு. சின்னப் பசங்கள உள்ள வுடமாட்டாங்க. நீ இங்க உக்காந்து ஆட்டம் பாரு. ஒண்ணு வுடாம பாத்து மனசுல வச்சிக்க. உங்கப்பாருக்கு ஆட்டம்னா சோறு வாணாம், இல்ல? அவருகிட்ட நீதான் சொல்லணும். ஆட்டம் முடியறவரைக்கும் எந்திரிக்கக் கூடாது."

சொல்லிவிட்டு வேட்டி சட்டை இருந்த பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு போனார். நான் வேப்பமரத்தடிச் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தேன். கிரிக்கெட் என்றுதான் நினைத்தேன். ரேடியோவில் கேட்டிருக்கிறேன். ஆனால் மட்டை தட்டையாக இல்லை, உலக்கை மாதிரி உருண்டையாக இருந்தது. மரம் வெட்டுகிறவர் மகன் என்பதால் அது என்ன மரம் என்றுதான் முதலில் பார்த்தேன், தெரியவில்லை. பந்து பிடிக்கக் குந்தியிருந்தவன் முகத்தில் கம்பிவலை, போரடிக்கும் மாட்டுக்குப் போடுகிற வாய்க்கூடு போல. மைதானத்தின் நாலு மூலையில் நாலு இடம். மூன்று மூலையில் தட்டையான வெள்ளை மூட்டை. அடிக்கிற இடத்தில் மூட்டை இல்லை, ஒரு பலகை மட்டும்.

பக்கத்தில் சுண்ணாம்பு டப்பாவோடு ஒருவர் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். மைதானத்துக்குக் கோடு போடுகிறவர். இது என்ன ஆட்டம் என்று கேட்டேன்.

"எனக்கு கோடு போடறதோட சரி, கண்ணு. அவனுங்க இன்னா பண்றானுங்கன்னு அவனுங்களுக்கே தெரியாது. நீ எந்த ஊரு?"

"கள்ளக்குறிச்சி பக்கம்."

"மரத்த வெட்டி ரோட்ல போட்டீங்களே, அந்த ஊரா? நல்லா இருங்கடா. எங்க அக்கா செத்து தஞ்சாவூர் பக்கம் கெடக்கறா, மூணு நாளு என்னால போவ முடியல. போயி சேந்தப்ப சாம்பல்தான் இருந்துச்சி. யாரு கூட வந்த?"

"மாமா கூட. எங்கப்பா ஆஸ்பத்திரில கீறாரு. புளி உலுக்கும்போது மரத்துலேந்து வுழுந்துட்டாரு." சத்தியம் செய்திருந்தபடி பிசகாமல் சொன்னேன்.

அவர் பீடியை வாயிலிருந்து எடுத்தார். "பொரட்டாசில இன்னா புளி?" என்றார்.

அந்தப் பெரிய பட்டணத்தில் அதைக் கேட்ட ஒரே ஆள் அவர்தான். அவர் என்னைப் பார்த்தார், ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த ஆஸ்பத்திரிச் சுவரைப் பார்த்தார். ஏதோ திட்டப் போகிறார் என்று நான் பயந்தேன். அவர் மடியிலிருந்து ஒரு பிடி அவித்த கடலையை எடுத்து என் கையில் போட்டுவிட்டு, "பாரு, பாரு. ஆட்டத்தப் பாரு" என்றார். அதன்பிறகு என்னை விட்டு நகரவில்லை.

ஆட்டத்தின் சூத்திரத்தை நானே கண்டுபிடித்தேன். அடித்துவிட்டு மட்டையை வீசி எறிந்துவிட்டு ஓட வேண்டும். ஒவ்வொரு மூட்டையாகத் தொட்டு, சுற்றிக்கொண்டு, கிளம்பிய பலகைக்கே திரும்பி வர வேண்டும். வந்தால் ஒன்று. எவ்வளவு தூரம் அடித்தான் என்பதில் ஒன்றுமில்லை, கிளம்பின இடத்துக்கு வந்து சேர்ந்தானா என்பதுதான். மூன்று பேர் அவுட் ஆனால் கட்சி மாறிவிடும்.

நீலச் சட்டைக் கட்சியில் ஒரு நெட்டையன் இருந்தான். கால்சட்டை முட்டியில் கிழிந்திருந்தது. நன்றாக அடித்தான். முதல் மூட்டை, இரண்டாவது, மூன்றாவது மூட்டைவரை வந்துவிட்டான். அங்கே நின்று இரண்டு கையையும் முட்டியில் ஊன்றி மூச்சு வாங்கினான். அப்பா ஒரு மரத்தைச் சாய்த்துவிட்டு அப்படித்தான் நிற்பார். அதனால் நான் அவன் கட்சி ஆகிவிட்டேன். பலகை எட்டிப் பிடிக்கிற தூரத்தில் இருந்தது. அவனுக்கு முன்பே ஒருவன் அவுட்; இப்போது அடிக்க வந்தவன் அவுட், அடுத்தவனும் அவுட். கட்சி மாறியது. நெட்டையன் நின்ற இடத்திலிருந்து மெதுவாக நடந்து போனான்.

"அவன் அவ்ளோ தூரம் வந்தானே, அதுக்கு ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டேன்.

"வூடு வந்து சேரலையே. கணக்குல வராது" என்றார் கோடு போடுகிறவர். ஆட்டம் தெரியாது என்று சொன்ன மனுஷன்.

நான் விசிலை ஊதவில்லை, கடலையைத் தின்னவில்லை. ஒவ்வொரு அடியையும் மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்து அடுக்கி வைத்தேன். கடைசிக் கட்டத்தில் இரண்டு கட்சியும் சமம். மூன்றாவது மூட்டையில் மறுபடியும் அதே நெட்டையன், கையை முட்டியில் ஊன்றிக்கொண்டு. நீலச் சட்டையில் இரண்டு பேர் அவுட். அடிக்க வந்தவன் பந்தை ஓங்கி அடித்தான், நெட்டையன் பலகையைப் பார்த்து ஓடினான், அந்தக் கோடியிலிருந்து பந்தும் வந்தது.

ஆட்டம் முடிந்து வெகுநேரம் கழித்துத்தான் மாமா வந்தார். கையில் பை இல்லை. என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். எட்டு வயதுப் பையனை யாரும் இடுப்பில் வைக்கமாட்டார்கள், எனக்கு வெட்கமாக இருந்தது. கோடு போடுகிறவர் எழுந்து தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"அப்பாவ வூட்டுக்குக் கூட்டிக்கினு போறோம்டா மாப்ள" என்றார் மாமா.

அதைவிடச் சந்தோஷமான வார்த்தையை நான் அதுவரை கேட்டதில்லை.

வெள்ளை வேன். அப்பா பின்னால் படுத்திருப்பதாகவும், மருந்து கொடுத்துத் தூங்க வைத்திருப்பதாகவும், எழுப்பக் கூடாது என்றும் மாமா சொன்னார். நான் முன்னால் டிரைவருக்கும் மாமாவுக்கும் நடுவில் உட்கார்ந்தேன். முதுகுக்குப் பின்னால் கம்பி போட்ட சின்ன ஜன்னல், அதற்கு அந்தப் பக்கம் திரை. செங்கல்பட்டு தாண்டியதும், அப்பாவுக்கு ஆட்டத்தைச் சொல்லட்டுமா என்று கேட்டேன்.

"சொல்லு. தூக்கத்துலயும் கேக்கும்" என்றார் மாமா.

நான் ஜன்னல் பக்கம் வாயை வைத்துச் சத்தமாகச் சொல்லத் தொடங்கினேன். உலக்கை மட்டை, வாய்க்கூடு, மூட்டைகள், நெட்டையன். டிரைவர் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தினார். நான் நிறுத்தும்போதெல்லாம், "அப்பறம் இன்னா ஆச்சி தம்பி?" என்று எடுத்துக் கொடுத்தார். அந்த வேனை ஓட்டுகிறவர் யாரிடமும் அப்படிப் பேசிக்கொண்டு வந்திருக்கமாட்டார் என்பது எனக்கு அப்போது தெரியாது.

ஆஸ்பத்திரியில் கொடுத்த அப்பாவின் காகிதம் வெகுகாலம் டிரங்குப் பெட்டியின் அடியில் கிடந்தது. வீட்டில் யாரும் அதை எடுத்துப் பார்க்கவில்லை. கல்லூரியில் சேர விண்ணப்பம் எழுதியபோது, தகப்பனார் இல்லாததற்குச் சான்று கேட்டார்கள். அன்றைக்குத்தான் எடுத்துப் படித்தேன். எங்கள் குடும்பத்தில் முதல்முதலாகப் படித்தவன் உருப்படியாகப் படித்த முதல் காகிதம் அது. இறந்த தேதி ஆயுதபூஜை நாள். நேரம் காலை. மாமா போனில் முதல் "சரி" சொன்னதற்கு முன்னால். அம்மாவிடம் சொன்ன மூன்றாவது "சரி" எதற்கு என்று அன்றுதான் புரிந்தது.

காரணம் என்ற இடத்தில், புளி உலுக்கும்போது மரத்திலிருந்து விழுந்து என்று இருந்தது. அதற்குப் பிறகுதான் மறியலில் இறந்தவர்களின் பட்டியல் ஒன்று எடுத்தார்கள். மாமா அந்தக் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக அலைந்தார். பொய் சொன்னவன் நான்தாங்க, பொரட்டாசில எங்கனா புளி உலுக்குவாங்களா, நீங்களே சொல்லுங்க என்று ஒவ்வொரு மேஜையிலும் கேட்டார். நியாயந்தான் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். எழுதினது எழுதினதுதான் என்றும் சொன்னார்கள். அப்பா பட்டியலில் இல்லை. மறியல் செய்து வாங்கிய அந்த ஒதுக்கீட்டில்தான் எனக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது. சேர்ந்த அன்று மாமா என்னோடு வந்திருந்தார். கல்லூரி வாசலில் ஒரு பெரிய புளியமரம் நின்றது. இரண்டு பேரும் வெயிலிலேயே நின்றோம்.

அன்று உளுந்தூர்பேட்டையைத் தாண்டி வேன் எங்கள் ரோட்டில் திரும்பியபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ரோட்டில் மரங்கள் இல்லை, இழுத்து ஓரத்தில் போட்டுவிட்டார்கள். இரண்டு பக்கமும் வெட்டுப்பட்ட அடிமரங்கள் வட்டவட்டமாக வெளுத்துத் தெரிந்தன. அப்பா வெட்டினவை எவை என்று எனக்குத் தெரியும், வெட்டு நேராக இருக்கும். ஒவ்வொன்றாக விரலை நீட்டிக் காட்டினேன். பிறகு ஆட்டத்தின் கடைசிக் கட்டத்துக்கு வந்தேன். இரண்டு கட்சியும் சமம், மூன்றாவது மூட்டையில் நெட்டையன், பந்தும் வருகிறது, அவனும் வருகிறான். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

"வந்து சேந்தானா? யாருதான் ஜெயிச்சது தம்பி?" என்றார் டிரைவர்.

"அத இப்ப சொல்லமாட்டேன்" என்றேன்.

டிரைவர் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார். மாமாவும் அவரும் இறங்கிப் போய், அடிமரங்களுக்குப் பக்கத்தில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நெடுநேரம் நின்றார்கள். ஒன்றுக்கு இருக்கிறார்கள் என்று நினைத்தேன். மாமாவின் தோள் குலுங்கியது, சிரிக்கிறார் என்று நினைத்தேன்.

அவர்கள் வருவதற்குள் நான் சீட்டில் முட்டி போட்டு ஏறி, கம்பிக்குள் வாயை வைத்து, அப்பாவுக்கு மட்டும் கேட்கும்படி மெதுவாகச் சொன்னேன்.

"நீ தூங்குப்பா. காலைல எழுந்து சொல்றேன்."

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கெஞ்சாமல் தூங்குகிறாரே என்று எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.